குற்றம் உண்டு, குற்றவாளி இல்லை

1944 அக்டோபர் கடைசி. நார்வேயின் வடகோடியில் உள்ள ஃபின்மார்க்கில் பனிக்காலம் தொடங்கிவிட்டது. சோவியத் படை கிழக்கிலிருந்து நெருக்க, பின்வாங்கிக்கொண்டிருந்த ஜெர்மானியப் படைக்கு ஒரு கட்டளை வந்தது. எதிரி ஒதுங்குவதற்கு ஒரு கூரைகூட மிஞ்சக் கூடாது. வீடு, தொழுவம், பள்ளிக்கூடம், மீன்பிடிப் படகு, பாலம், தந்திக் கம்பம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் கொளுத்தினார்கள், இல்லையென்றால் வெடி வைத்துத் தகர்த்தார்கள். சுமார் 11,000 வீடுகள் சாம்பலாயின. ஏறத்தாழ 50,000 பேர் தெற்கே துரத்தப்பட்டார்கள். போக மறுத்தவர்கள் அந்தக் குளிரில் குகைகளிலும் குடிசைகளிலும் ஒளிந்து கிடந்தார்கள். ஹாமர்ஃபெஸ்ட் என்ற ஊரில் எரியாமல் நின்றது கல்லறைத் தோட்டத்துச் சின்னத் தேவாலயம் ஒன்றுதான்.

கட்டளையைக் களத்தில் நிறைவேற்றியவர் தளபதி லோதார் ரெண்டுலிக். போர் முடிந்த பிறகு நியூரம்பர்க்கில் அமெரிக்க ராணுவ நீதிமன்றம் அவரைக் கூண்டில் ஏற்றியது. 1948 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. வேறு குற்றங்களுக்காக 20 ஆண்டு சிறை; ஃபின்மார்க்கை எரித்த குற்றச்சாட்டில் மட்டும் விடுதலை. அந்த அழிவுக்கு ராணுவத் தேவை எதுவும் இருக்கவில்லை என்பது பின்னால் தெளிவாகிவிட்டது. சோவியத் படை அவர் பயந்த அளவுக்குத் துரத்தி வரவே இல்லை. ஆனால் நீதிபதிகள் பார்த்தது அதை அல்ல. அந்த நேரத்தில் தளபதியின் கையில் இருந்த தகவல் என்ன, அதை வைத்து ஆபத்து நெருங்கிவிட்டதாக அவர் உண்மையாகவே நம்பினாரா என்பதைத்தான் பார்த்தார்கள். நம்பினார் என்று முடிவானது. கணிப்பு தவறியிருக்கலாம், குற்றம் ஆகாது.

இதே தீவைப்பு உத்தரவை அனுப்பிய ஆல்ஃபிரட் யோடல் மீதான முந்தைய தீர்ப்பில் நார்வே சம்பவமும் பட்டியலில் இருந்தது, அவர் தூக்கிலிடப்பட்டார். ஆனால் அவர் கணக்கில் அதைவிடக் கொடிய குற்றங்கள் ஏராளம். ராணுவச் சட்டம் படிப்பவர்கள் இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்வது யோடலின் தண்டனையை அல்ல, 'ரெண்டுலிக் விதி'யைத்தான்.

அந்தக் காலத்தில் இயற்கைக்கு மிக அருகில் வந்த புகார் போலந்துடையது. ஜெர்மானிய வனத்துறை அதிகாரிகள் பத்துப் பேர், மீண்டும் வளருமா என்ற கவலையே இல்லாமல் போலந்துக் காடுகளை மொட்டையடித்தார்கள் என்று அந்த நாடு ஐ.நா. போர்க்குற்ற ஆணையத்திடம் முறையிட்டது. ஆணையம் அவர்களில் ஒன்பது பேரைக் குற்றஞ்சாட்டத் தகுந்தவர்கள் பட்டியலில் சேர்த்தது. அதுவும் காட்டுக்காக அல்ல. ஆக்கிரமித்த நாட்டின் சொத்தைக் கொள்ளையடித்தார்கள் என்பதற்காக.

போரில் மனிதரைக் கொல்வதற்கும் வீட்டை இடிப்பதற்கும் சட்டம் வரம்பு கட்டி நெடுநாளாகிறது. மண்ணும் ஆறும் கடலும் அந்த வரம்புக்குள் வந்தது ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன்புதான். அதற்குக் காரணம் வியட்நாம்.

ஆர்தர் கால்ஸ்டன் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் 1940-களில் இலினாய் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தார். சோயா அவரையைச் சீக்கிரம் பூக்க வைக்க ஒரு வேதிப்பொருளைச் சோதித்தார். அளவோடு தெளித்தால் பூத்தது. அளவு கூடினால் இலையெல்லாம் உதிர்ந்தது. இலை உதிர்ந்த அந்தக் குறிப்பு ராணுவ ஆய்வாளர்களுக்குப் பயன்பட்டது. இருபது ஆண்டுகள் கழித்து அமெரிக்க விமானங்கள் 'ஆபரேஷன் ராஞ்ச் ஹேண்ட்' என்ற பெயரில் தென் வியட்நாமின் காடுகள் மீதும் வயல்கள் மீதும் 7 கோடி லிட்டருக்கு மேல் களைக்கொல்லி தெளித்தன. கொரில்லாக்கள் மறைய மரநிழல் இருக்கக் கூடாது, தின்ன நெல் இருக்கக் கூடாது என்பதே நோக்கம். அதில் அதிகம் பயன்பட்ட ஏஜென்ட் ஆரஞ்சில் டையாக்சின் என்ற நஞ்சு கலந்திருந்தது. இதை நிறுத்தச் சொல்லிப் போராடிய விஞ்ஞானிகளில் முன்வரிசையில் நின்றவர் அதே கால்ஸ்டன். 1970-இல் அவர் இதற்கு 'ஈகோசைடு' என்று பெயர் வைத்தார். இனப்படுகொலை எப்படிக் குற்றமோ அப்படிச் சூழல் படுகொலையும் குற்றமாக வேண்டும் என்றார். 1972-இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டு மேடையில் ஸ்வீடன் பிரதமர் ஓலோஃப் பால்மே அந்தச் சொல்லை உலகத் தலைவர்கள் முன் உச்சரித்தார்.

வழக்கு மட்டும் வரவில்லை. வியட்நாமியர்கள் 2004-இல் அமெரிக்க ரசாயன நிறுவனங்கள் மீது நியூயார்க்கில் தொடுத்த வழக்கு அடுத்த ஆண்டே தள்ளுபடியானது. அதுவும் இழப்பீட்டு வழக்குதான். குற்ற வழக்கு எங்கேயும் இல்லை. கிடைத்த பலன் வேறு வகையானது. 1975-இல் அதிபர் ஃபோர்டு, போரில் களைக்கொல்லியை அமெரிக்கா முதலில் பயன்படுத்தாது என்று ஆணை பிறப்பித்தார். 1976, 1977 ஆண்டுகளில் இரண்டு பன்னாட்டு ஆவணங்கள் பிறந்தன. வானிலையையும் இயற்கை இயக்கங்களையும் ஆயுதமாக்கத் தடை விதிக்கும் 'என்மோட்' உடன்படிக்கை ஒன்று. ஜெனீவா உடன்படிக்கைகளின் முதல் கூடுதல் நெறிமுறை மற்றொன்று.

இரண்டிலும் சேதத்துக்கு ஒரே மாதிரி மூன்று அளவுகோல்கள் இருக்கின்றன: பரவலானது, நீண்டகாலம் நீடிப்பது, கடுமையானது. என்மோட்டில் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். ஜெனீவா நெறிமுறையில் மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். 'நீண்டகாலம்' என்பதற்கு என்மோட் பேச்சுவார்த்தையில் கொடுத்த பொருள் சில மாதங்கள் அல்லது ஒரு பருவம். ஜெனீவாவில் பேசியவர்கள் மனத்தில் இருந்ததோ இருபது, முப்பது ஆண்டுகள். குண்டுவீச்சால் வழக்கமாக ஏற்படும் பாழை இதில் சேர்த்துவிட்டால் எந்தப் போரும் நடத்த முடியாது என்ற பயம் அரசுகளுக்கு இருந்தது. வாசலை வேண்டுமென்றே குறுக்கிக் கட்டினார்கள் என்று சொன்னால் தப்பில்லை.

1998-இல் ரோம் நகரில் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்கான சாசனம் எழுதப்பட்டபோது, தேர்ந்தெடுத்தது அந்தக் குறுகிய வாசலைத்தான். அத்தோடு விடாமல் இன்னும் இரண்டு தாழ்ப்பாள் போட்டார்கள். சாசனத்தின் எட்டாம் பிரிவு சொல்வது இதுதான்: ஒரு தாக்குதலால் இயற்கைச் சூழலுக்குப் பரவலான, நீண்டகால, கடுமையான சேதம் வரும் என்று தெரிந்தே அதைத் தொடுத்திருக்க வேண்டும். அந்தச் சேதம் எதிர்பார்த்த ராணுவப் பலனை ஒப்பிடும்போது அப்பட்டமாக மிஞ்சியதாகவும் இருக்க வேண்டும். தளபதிக்கு முன்பே தெரிந்திருந்தது என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். ரெண்டுலிக் மறுபடியும் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

2002 ஜூலை 1 முதல் சாசனம் நடைமுறையில் இருக்கிறது. இந்தச் சூழல் வாசகத்தின் கீழ் இதுவரை ஒருவருக்கும் தண்டனை கிடையாது.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு குவைத்துக்குப் போய்ப் பார்க்கலாம்.

1991 பிப்ரவரியில் தோற்றுப் பின்வாங்கிய இராக்கியப் படை, முன்கூட்டியே வெடி பொருத்தி வைத்திருந்த எண்ணெய்க் கிணறுகளை ஒவ்வொன்றாகத் தகர்த்தது. 600-க்கும் மேற்பட்ட கிணறுகள் எரிந்தன. எரியாமல் பீறிட்ட எண்ணெய் பாலைவனத்தில் ஏரிகளாகத் தேங்கியது. அதற்கு முன்பே கடலில் திறந்துவிட்ட கச்சா எண்ணெய் சவூதிக் கடற்கரை வரை போய் ஒட்டிக்கொண்டது. நண்பகலில் காரின் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்ட வேண்டிய நிலை. பெய்த மழை கறுப்பாக இருந்தது.

தீயை அணைக்கப் பல நாட்டு அணிகள் வந்தன. ஹங்கேரிக்காரர்கள் கொண்டுவந்த வண்டியைப் பார்த்து மற்றவர்கள் வாய்பிளந்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்து டி-34 டாங்கி ஒன்றின் மேல், பீரங்கி இருந்த இடத்தில், மிக்-21 போர் விமானத்தின் ஜெட் என்ஜின்கள் இரண்டு. என்ஜின் கக்கும் காற்றோடு தண்ணீரையும் பீய்ச்சி, தீயை ஊதியே அணைத்தார்கள். பாலைவனத்தில் தண்ணீருக்கு எங்கே போவது? கிணற்றிலிருந்து கடற்கரைக்கு எண்ணெய் கொண்டுபோன அதே குழாய்களில் கடல்நீரை எதிர்த்திசையில் ஏற்றினார்கள். ஆண்டுக்கணக்கில் எரியும் என்று ஆருடம் சொன்ன தீ, 1991 நவம்பர் 6 அன்று முழுதாக அணைந்தது.

உலகத்துக்கு இது நல்ல செய்தி. வழக்குரைஞருக்கு அப்படி இல்லை. புகையால் சூரியன் மறைந்து ஆசியா முழுக்கக் குளிர்ந்துவிடும், பருவமழை பொய்க்கும் என்றெல்லாம் பேசினார்கள். கார்ல் சாகன் போன்ற பெயர் பெற்ற விஞ்ஞானியே எச்சரித்தார். அந்த அளவுக்கு நடக்கவில்லை. தீ ஒன்பது மாதத்தில் அடங்கியது. இருபது முப்பது ஆண்டு என்ற கணக்கு வைத்தால் இது 'நீண்டகாலம்' ஆகுமா? போருக்குப் பிறகு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையே, ஜெனீவா நெறிமுறையின் வரம்பை இந்தச் சேதம் எட்டியதா என்பதில் தயங்கியது. போதாததற்கு, இராக் அப்போது அந்த நெறிமுறையில் சேர்ந்திருக்கவும் இல்லை. நம் கண்முன்னே நடந்தவற்றில் போரின் சூழல் குற்றத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. அதுவே தேறுமா தேறாதா என்றால் கோளாறு அளவுகோலில் இருக்கிறது.

ஆனால் காசு வசூலானது. அது தனிக் கதை.

1991 ஏப்ரலில் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் 687-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. குவைத் ஆக்கிரமிப்பால் வந்த இழப்புகளுக்கு, சுற்றுச்சூழல் சேதம் உட்பட, இராக் பொறுப்பு என்று அதில் எழுதினார்கள். பரவலானதா, நீண்டகாலமா, கடுமையானதா என்ற கேள்வியே இல்லை. நஷ்டத்தைக் காட்டு, பணத்தை வாங்கு. ஜெனீவாவில் இதற்கென ஓர் இழப்பீட்டு ஆணையம் உட்கார்ந்தது. இராக் எண்ணெய் விற்ற பணத்தில் தொடக்கத்தில் 30 சதவீதமும் அதிபர் சதாம் உசேன் வீழ்ந்த பிறகு 5 சதவீதமும் அதன் கணக்குக்குப் போயின. குவைத்தில் வேலை பார்த்து, போட்டது போட்டபடி ஊர் திரும்பிய இந்தியத் தொழிலாளர்களின் மனுக்களும் இந்த ஆணையத்திடம்தான் போயின. மொத்தம் 5,240 கோடி டாலர். கடைசித் தவணை கட்டி முடித்தது 2022 ஜனவரியில். அதில் சுற்றுச்சூழலுக்குக் கிடைத்தது சுமார் 530 கோடி டாலர். நாடுகள் கேட்டதோ ஏறக்குறைய 8,500 கோடி.

அந்த ஆணையம் செய்த காரியங்களில் சட்ட உலகத்துக்கு வெளியே பெரிதாகப் பேசப்படாத ஒன்று, இந்தக் கட்டுரைக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். சேதத்துக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பு, சேதத்தை அளப்பதற்குப் பணம் கொடுத்தார்கள். மண்ணைத் தோண்டிப் பார்க்க, நிலத்தடி நீரைச் சோதிக்க, கடற்கரையைக் கண்காணிக்க 2001-இல் மட்டும் 24 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கினார்கள். பிறகுதான் பெரிய மனுக்கள் விசாரணைக்கு வந்தன. சாட்சி இல்லாமல் வழக்கு நிற்காது என்பது தெரிந்தவர்கள் செய்த வேலை.

சதாம் உசேன் 2006 டிசம்பர் 30 அன்று தூக்கிலிடப்பட்டது துஜைல் ஊரில் 148 பேர் கொல்லப்பட்ட வழக்கில். எண்ணெய்க் கிணறுகளுக்காக அவரும் சரி, வெடி வைக்கச் சொன்ன எந்தத் தளபதியும் சரி, கூண்டில் ஏறவில்லை. பணம் கட்டியது இராக்கிய மக்கள்.

அதுவும் இராக் தோற்ற நாடு என்பதால் நடந்தது. 2006 ஜூலையில் இஸ்ரேலிய விமானங்கள் லெபனானின் ஜியே மின்நிலையத்தின் எண்ணெய்த் தொட்டிகளைத் தகர்த்தன. பல்லாயிரம் டன் எண்ணெய் மத்தியதரைக் கடலில் கலந்து சிரியா வரை பரவியது. ஐ.நா. பொதுச்சபை 85.64 கோடி டாலர் என்று கணக்குப் போட்டு, கொடுங்கள் என்று ஆண்டுதோறும் தீர்மானம் போடுகிறது. இஸ்ரேல் கொடுக்கவில்லை. பொதுச்சபைத் தீர்மானத்துக்குப் பின்னால் எண்ணெய் வருமானத்தைப் பிடித்தம் செய்யும் கை எதுவும் இல்லை.

வென்றவர் பக்கம் திரும்பினால் சட்டம் இன்னும் மெதுவாக நடக்கிறது. 1999-இல் நேட்டோ விமானங்கள் செர்பியாவின் பான்செவோ பெட்ரோகெமிக்கல் ஆலையைத் தாக்கின. நச்சு ரசாயனங்கள் எரிந்தன, கால்வாய் வழியே டான்யூப் நதிப் பக்கம் கசிந்தன. யூகோஸ்லாவியாவுக்கான போர்க்குற்ற நீதிமன்றத்தின் வழக்குத்தொடுநர் அலுவலகம் ஒரு குழு போட்டுப் பரிசீலித்தது. மூன்று நிபந்தனைகளும் சேர்ந்த வரம்பு மிக உயரமானது, விசாரணையே வேண்டாம் என்று 2000 ஜூனில் அறிக்கை சொல்லிவிட்டது. ஐ.நா. சுற்றுச்சூழல் குழு போய்ப் பார்த்தபோது இன்னொரு சிக்கலும் தெரிந்தது. அந்த ஆலைகள் போருக்கு முன்பே பல ஆண்டுகளாகக் கழிவைக் கொட்டி வந்தவை. மண்ணில் உள்ள நஞ்சில் எது குண்டு போட்டதால் வந்தது, எது ஆலை கொட்டியதால் வந்தது என்று பிரிப்பது எளிதாக இல்லை.

இப்போது உக்ரைன்.

2023 ஜூன் 6 விடியற்காலையில் நீப்பர் நதியின் ககோவ்கா அணை உடைந்தது. அதன் நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு சுமார் 18 கன கிலோமீட்டர். நம் கணக்கில் சொன்னால், ஏறக்குறைய ஏழு மேட்டூர் அணைகளின் தண்ணீர். அது கெர்சோன் வட்டாரத்து ஊர்களை மூழ்கடித்து, புதைத்து வைத்திருந்த கண்ணிவெடிகளையும் எந்திர எண்ணெயையும் சாக்கடையையும் வாரிக்கொண்டு கருங்கடலுக்குப் போனது. மேலே இருந்த நகரங்கள் குடிநீர் இழந்தன. தெற்கின் பாசன வாய்க்கால்கள் வறண்டன. உக்ரைன் அரசும் ஐ.நா.வும் சேர்ந்து போட்ட மதிப்பீட்டில் இழப்பு சுமார் 1,400 கோடி டாலர். அணை அப்போது ரஷ்யப் படையின் கையில் இருந்தது. ரஷ்யா பொறுப்பை மறுத்து, உக்ரைன்தான் தாக்கியது என்கிறது.

உக்ரைனின் குற்றவியல் சட்டத்தில் 'ஈகோசைடு' தனிக் குற்றம், 441-ஆம் பிரிவு. வேடிக்கை என்னவென்றால் ரஷ்யாவின் குற்றவியல் சட்டத்திலும் அது இருக்கிறது, 358-ஆம் பிரிவு. இரண்டு நாட்டுச் சட்டப் புத்தகமும் ஒரே குற்றத்தைத் தெரிந்து வைத்திருக்க, நடுவில் அணை உடைந்து கிடக்கிறது. உக்ரைன் வழக்குத்தொடுநர்கள் அன்றைக்கே வழக்குப் பதிந்தார்கள். நீர் மாதிரி, மண் மாதிரி, செயற்கைக்கோள் படம், செத்த மீனின் கணக்கு என்று கோப்பு சேர்கிறது. போர் நடக்கும்போதே சூழல் சேதத்துக்கு இப்படித் தடயம் சேகரிப்பது முன்பு பெரிதாக நடந்ததில்லை.

ஆனால் அந்த இடத்தில் இன்று போய்ப் பார்ப்பவருக்கு ஒரு குழப்பம் காத்திருக்கிறது. தண்ணீர் வடிந்த சேற்றில் வில்லோ கன்றுகள் கோடிக்கணக்கில் முளைத்து, ஒரே ஆண்டில் ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டன. 1950-களில் சோவியத் அரசு அணை கட்டி மூழ்கடித்த பழைய சதுப்புவெளி திரும்பி வருகிறது என்று உக்ரைனின் சூழலியலாளர்களிலேயே பலர் மகிழ்கிறார்கள். அணையை மறுபடி கட்டாதீர்கள் என்கிறார்கள். நாளைக்கு ஹேக் நகரில் உள்ள சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்கு இந்த வழக்கு வந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டப்போவது இந்தக் காட்டின் புகைப்படத்தைத்தான். 'நீண்டகாலச் சேதம் எங்கே, பாருங்கள், பச்சைப்பசேல் என்று இருக்கிறதே?' பத்து நாளில் நாசமான கீழ்ப்புறத்து வாழிடங்களுக்கும், வாய்க்கால் வறண்ட விவசாயிக்கும் அந்தப் புகைப்படம் பதில் ஆகாது. இருந்தாலும் இயற்கை தன்னைத்தானே தேற்றிக்கொள்வது குற்றவாளிக்குத் தள்ளுபடியாக மாறக்கூடிய சட்டம் இது. ஒருவரைச் சுட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் பிழைத்துவிட்டாரே என்று வாதாடினால் எந்த நீதிமன்றம் கேட்கும்?

சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் உக்ரைன் விஷயத்தில் சும்மா இல்லை. மின்கட்டமைப்பைத் தாக்கியதற்காக ரஷ்ய ராணுவ உயரதிகாரிகள் நால்வர் மீது 2024-இல் பிடிவாரண்ட் வந்தது. முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் செர்கெய் ஷோய்குவும் முப்படைத் தளபதி வலேரி கெராசிமோவும் அதில் அடக்கம். குற்றச்சாட்டுகளில் ஒன்று மேலே சொன்ன அதே எட்டாம் பிரிவின் அதே உட்பிரிவு. அந்த உட்பிரிவில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன: மக்களுக்கு மிதமிஞ்சிய உயிர்ச்சேதம், மக்களின் உடைமைகளுக்குச் சேதம், இயற்கைச் சூழலுக்குச் சேதம். வாரண்டில் முதல் இரண்டும் இருக்கின்றன, மூன்றாவது இல்லை. ஒரே வரியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் இயற்கையைத் தொடவில்லை.

இதற்கு வழக்குத்தொடுநரைக் குறை சொல்ல முடியாது. ஜெயிக்கக்கூடிய குற்றச்சாட்டைத்தான் யாரும் எடுப்பார்கள். அதனால்தான் இயற்கை இதுவரை பக்கத்துக் கதவுகள் வழியாகவே நீதிமன்றத்துக்குள் நுழைந்திருக்கிறது. சூடான் அதிபராக இருந்த ஒமர் அல் பஷீர் மீது 2010-இல் வந்த இனப்படுகொலை வாரண்டில், டார்ஃபூர் கிராமங்களின் கிணறுகளையும் தண்ணீர்ப் பம்புகளையும் நாசப்படுத்தியது எண்ணிச் சேர்க்கப்பட்டது. காசா தொடர்பாக 2024 நவம்பரில் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு மீதும் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் கலான்ட் மீதும் வந்த வாரண்டில் முதன்மையானது பட்டினியைப் போர் ஆயுதமாக்கிய குற்றச்சாட்டு. உணவோடு தண்ணீரும் எரிபொருளும் மின்சாரமும் மறுக்கப்பட்டதை அது பேசுகிறது. தண்ணீரைப் பாழாக்கியவரைத் தண்ணீருக்காகப் பிடிக்க முடியாவிட்டால், தாகத்தில் தவித்த மனிதருக்காகப் பிடிக்கலாம். நடைமுறையில் இன்று இருக்கும் வழி இதுதான். மனிதர் பக்கத்தில் இல்லாத காட்டுக்கும் பவளப்பாறைக்கும் இந்தக் கதவும் கிடையாது.

நீதிமன்றத்துக்கும் இது தெரியும். 2016-லேயே, வழக்குகளைத் தேர்ந்தெடுக்கும்போது சூழல் அழிவைக் கணக்கில் எடுப்போம் என்று வழக்குத்தொடுநர் அலுவலகம் அறிவித்தது. 2024-இல் சூழல் குற்றங்களுக்கெனத் தனிக் கொள்கை வகுக்கக் கருத்துக் கேட்டது. கொள்கை எழுதுவது நல்லதுதான். சாசனத்தின் வாசகத்தை அது மாற்றிவிடாது.

வாசகத்தில் இன்னொரு பெரிய ஓட்டை இருக்கிறது. சூழல் உட்பிரிவு நாடுகளுக்கிடையே நடக்கும் போருக்கு மட்டும்தான். உள்நாட்டுப் போருக்கு அப்படி ஒரு பிரிவே சாசனத்தில் இல்லை. இன்றைக்கு உலகத்தில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை உள்நாட்டுச் சண்டைகள். தெற்கு இராக்கின் சதுப்பு நிலங்களை எடுத்துக்கொள்ளுங்கள். தன்னை எதிர்த்து எழுந்த 1991 கிளர்ச்சிக்குப் பிறகு அங்கே ஒளிந்தவர்களை வெளியேற்ற, சதாம் அரசு கரைகளும் கால்வாய்களும் கட்டி நதிநீரைத் திருப்பியது. பல்லாயிரம் ஆண்டு பழைய நாணல் தேசத்தில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. 2003-க்குப் பிறகு அந்த ஊர் மக்களே கரையை உடைத்துத் தண்ணீரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதே போன்ற செயல் இன்று ஓர் உறுப்பு நாட்டுக்குள்ளே நடந்தாலும், சூழல் குற்றம் என்று ஹேக் நீதிமன்றத்தால் கை வைக்க முடியாது. ஈழத்தில் பதுங்கு குழிகளுக்கும் காவலரண்களுக்கும் இரு தரப்பும் வெட்டிச் சாய்த்த பனைகளின் கணக்கும் இந்த ஓட்டைக்குள்தான் போய் விழும். இலங்கை உறுப்பு நாடும் இல்லை. இந்தியாவும் இல்லை, அமெரிக்கா, சீனா, ரஷ்யா, இஸ்ரேலும் இல்லை.

கால்ஸ்டன் வைத்த பெயருக்கு இப்போது மறுபடி மவுசு வந்திருக்கிறது. 2021 ஜூனில் ஃபிலிப் சாண்ட்ஸ், டியோர் ஃபால் சோ ஆகியோர் தலைமையில் பன்னிரண்டு சட்ட வல்லுநர்கள் ஈகோசைடுக்கு ஒரு வரையறை எழுதினார்கள். சேதம் கடுமையாக இருக்க வேண்டும். அதோடு பரவலாகவோ நீண்டகாலமாகவோ இருந்தால் போதும். போர்க்காலம், அமைதிக்காலம் என்ற பாகுபாடு இல்லை. கடல்மட்டம் உயர்ந்து தங்கள் தீவுகளையே இழந்துகொண்டிருக்கும் வனுவாட்டு, ஃபிஜி, சமோவா மூன்றும் இதை ஐந்தாவது பன்னாட்டுக் குற்றமாகச் சேர்க்க வேண்டும் என்று 2024 செப்டம்பரில் முறைப்படி முன்மொழிந்தன. பெல்ஜியம் அதே ஆண்டு தன் குற்றவியல் சட்டத்தில் ஈகோசைடைச் சேர்த்தது. கொள்கை அளவில் இதை எதிர்க்க ஒன்றுமில்லை. ஆனால் எண்ணெய் நிறுவனமும் சுரங்க முதலாளியும் அமைதிக்காலத்தில் மாட்டக்கூடிய குற்றம் என்பதால் அரசுகள் இழுத்தடிக்கும். உறுப்பு நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு திரட்ட வேண்டும். பல ஆண்டுகள் ஆகும்.

அதற்கு முன்பே செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்று இருக்கிறது, முன்னுதாரணமும் இருக்கிறது. பட்டினியைப் போர் ஆயுதமாக்குவதும் முன்பு நாடுகளுக்கிடையே நடக்கும் போரில் மட்டும்தான் குற்றம். சிரியாவையும் ஏமனையும் பார்த்த பிறகு, அதை உள்நாட்டுப் போருக்கும் நீட்டிக்க வேண்டும் என்று ஸ்விட்சர்லாந்து முன்மொழிந்தது. 2019 டிசம்பரில் உறுப்பு நாடுகள் ஒருமனதாக ஏற்றுக்கொண்டன. புதிய குற்றம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. இருந்த குற்றத்தை இன்னொரு வகைப் போருக்கும் நீட்டினார்கள், அவ்வளவுதான். திருத்தம் அதை ஏற்ற நாடுகளை மட்டுமே கட்டும் என்ற குறை உண்டு. இருந்தாலும் சட்டத்தில் ஏறியது.

சூழல் உட்பிரிவையும் அதே போல உள்நாட்டுப் போருக்கு நீட்டிப்பதும், மூன்று நிபந்தனைகளும் சேர வேண்டும் என்பதை என்மோட் பாணியில் தளர்த்துவதும், சேதத்தை அளக்க ஜெனீவா ஆணையம் செய்ததைப் போல முதலிலேயே பணம் ஒதுக்குவதும் இன்றைய சாசனத்தின் வரம்புக்குள் கேட்கக்கூடிய காரியங்கள். பசிபிக் தீவுகள் கேட்கும் ஐந்தாவது குற்றத்தைப் பற்றிய விவாதம் அது பாட்டுக்கு நடக்கட்டும். உறுப்பு நாடுகளின் அடுத்த கூட்டத்தில் முதலில் மேசைக்கு வர வேண்டியது இந்தத் திருத்தம்.